ஊன்றுகோல் நட்ட இடம்

அக்கா, பேத்தியின் பள்ளிப் புத்தகத்தில் ஒரு படம் பார்த்தேன். ஆப்பிரிக்காவில் சான் என்று ஒரு சனமாம். ஒருத்தி குந்தி உட்கார்ந்து கம்பால் கிழங்கு தோண்டுகிறாள். அது உன் குந்தலேதான்; இடது முட்டி தரையில், வலது முட்டி மேலே.

"அவங்களையும் காட்ட விட்டுத் தொரத்தினாங்க பாட்டி. பட் தே கேம் பேக்," என்றாள் பேத்தி.

காட்டுக் காவலுக்கு வந்த அந்த கார்டு, கிழங்கு எடுத்தாய் என்று உன் கம்பைப் பிடுங்கி முட்டியில் வைத்து ஒடித்தானே. "இருளச்சிக்கு எதுக்குடி காடு?" என்று சிரித்தான். நம் குடிசையையும் கொளுத்தினான். அந்தப் பசியில் உன் மார் வற்றி, கைக்குழந்தை போனது. காரியம் முடிந்த மறுநாளே நீ புதுக் கம்பு சீவிக்கொண்டு அதே காட்டுக்குள் நுழைந்தாய். வழியில் மண்ணில் பதிந்திருந்த அவன் காலடித் தடத்தைக் காட்டிச் சொன்னாய்: "மூஞ்சி மாறிப்பூடும். கால் மாறாது. மறந்துடாதடி."

மறக்கவில்லை. மகன் வேலைக்கு வந்த இந்த டப்ளினில், போன வாரம் மழை விட்ட காலையில் ஓடைப் பாதையில் நடந்தேன். ஈர மண்ணில் ஒரு தடம். வலது பாதம் வெளியே திரும்பி, குதிகால் கோடு இழுத்திருந்தது. அன்று நீ காட்டிய அதே கால். தடத்தின் பின்னாலேயே போனேன். பெஞ்சில் ஒரு கிழவன், கையில் ஊன்றுகோல்.

"தமிழாம்மா? அப்பாடா, பேச ஒரு ஆள் கெடைச்சுது. எந்த ஊரு?"

மலையடிவாரத்தின் பேரைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நான் அங்க கார்டா இருந்தேம்மா! அப்பல்லாம் இந்த இருளருங்க தொல்லை. இப்ப ஒருத்தரும் இல்ல. அழிஞ்சே போயிட்டாங்க."

"அந்தக் கம்பக் கொஞ்சம் குடுங்க," என்றேன். சிரித்தபடி கொடுத்தான்.

பத்தடி தள்ளிப் போய், உன்னைப்போலவே குந்தி, அந்தக் கம்பால் தோண்டினேன். மழையில் ஊறிய மண் இளகிக் கொடுத்தது.

"என்னம்மா பண்றீங்க?"

"அழிஞ்சு போனவதான் கெழங்கு தோண்டறேன்."

குழியில் ஊன்றுகோலை நட்டு, மண்ணை மிதித்து இறுக்கினேன். "நீ ஒடிச்சது எங்க அக்கா கம்பு. இது உன்னுது. வந்து எடுத்துக்க."

அவன் சிரிப்பு நின்றுபோனது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பின்னால், கோலை எடுக்க வரும் அந்த வலது கால் மண்ணை இழுக்கும் சத்தம், பாதை வளைவு வரைக்கும் கேட்டது.

மனசு ஆறியதா என்று கேட்காதே அக்கா. ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். நாளைக்கும் அந்தப் பாதையில் வெறுங்காலோடு போவேன். அவன் உட்காரும் பெஞ்சு வரைக்கும் என் தடம் இருக்கும்.