செருப்பைக் கழற்றும் இடம்

சனிக்கிழமை, இரவு

இன்று துக்க வீட்டில் சேகரை அறைந்தேன். உதடு கிழிந்து அவன் சட்டையெல்லாம் ரத்தம். என் கை இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

சுங்கை சிப்புட் பழைய ரப்பர் தோட்டத்து மின்கோபுரத்தில் இடி விழுந்தபோது, மழைக்கு ஒதுங்கி அதன் இரும்புக் காலில் சாய்ந்து நின்ற பக்கத்து வீட்டு முருகேசு அண்ணன் கருகிச் செத்தார். இடி மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்க அந்தக் கோபுரத்துக்கு எர்த்திங் கணக்குப் போட்டவன் என்னோடு வேலை செய்யும் சேகர். அண்ணன் மனைவியிடமே போய், "அக்கா, இடி எறங்குற நேரத்துல ஒருத்தரு அங்க கை வைக்கிறது கோடியில ஒண்ணு லா," என்றான்.

இடி விழும் வாய்ப்பு சிறியது. ஆள் தொடும் வாய்ப்பும் சிறியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துப் பெருக்கி, இந்த எர்த்திங்கே போதும் என்று விட்டுவிட்டான். மழையோடுதானே இடி வரும்? மழை வந்தால் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் எல்லாரும் அந்தக் கோபுரக் காலை ஒட்டிய முனியாண்டி கோயில் கொட்டகையில்தானே ஒதுங்குவார்கள்? அதுவும் கோயில் என்று செருப்பைக் கழற்றிவிட்டு, ஈர மண்ணில் வெறுங்காலோடு.

"என்னை அடிச்சா அவரு எந்திரிச்சு வருவாராடா?" என்றான். மறுபடியும் அடித்தேன். அக்காதான் என்னைப் பிடித்து இழுத்தார்.

கோபுரத்தைச் சுற்றி இன்னும் வேலி போடவில்லை. இப்போது மழை பிடித்துக்கொண்டது. இந்நேரம் அந்தக் கொட்டகையில் யாராவது செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.