ராஜா காலடியில் நின்ற மந்திரி

அன்புள்ள சின்னவனுக்கு, அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசு எப்படி என்று நீ நாலு வரி எழுதினால்தான் எங்களுக்கே தெரியும்.

நேற்று அக்கா வந்து விஷயத்தைச் சொன்னாள். உன் அறைத்தோழன் அவளுக்குப் போன் செய்தானாம், அவன் வேலைக்குப் போயி பத்து நாளாச்சுக்கா, கதவச் சாத்திக்கிட்டுப் படுத்தே கெடக்கான் என்றானாம். வரைபடத்தில் ஏதோ அளவு தப்பாகி எல்லார் முன்னாலும் மேலாளர் உன்னைத் திட்டினாராமே. கேட்டதிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன், நீ எடுப்பதில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாய் வருகிறது. மூன்று வருஷமாய்க் கடிதத்துக்கு ஒரு காய் என்று சதுரங்கம் ஆடி வருகிறோம், இத்தாலியன் ஓப்பனிங் என்று நான் ஆட்டத்தைத் தொடங்கி மந்திரியை வெளியே விட்டால், பதிலுக்கு உன் மந்திரியும் துள்ளிக்கொண்டு வெளியே வரும். போன தடவை ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய், மந்திரி ராஜாவுக்கு முன் கட்டம் என்று. ஒரு கட்டம் நகர்ந்து ராஜா காலடியில் ஒண்டிக்கொண்டதைப் பார்த்தாவது பெற்றவளுக்கு உறைத்திருக்க வேண்டாமா? நானோ, இதென்னடா பயந்தாங்கொள்ளி ஆட்டம், என் காயை யோசித்து எழுதுகிறேன் என்று கிண்டலாய் ஒரு அட்டை போட்டேன். என் வாயில் மண்ணைப் போட, அன்றோடு உன் எழுத்து நின்றது.

மருந்துக்கடையில் ஃப்ரிட்ஜுக்கு மேலே நம் பலகை அப்படியே இருக்கிறது. இன்று காலை இருமல் மருந்து வாங்க வந்தவர் பையில் மருந்தோடு உன் குதிரையையும் போட்டுக் கொடுத்துவிட்டேன், பாவம், தெருமுனையிலிருந்து திரும்பி வந்து கொடுத்தார். என் நிலைமை அப்படி. ஸ்டாக் பார்க்கிறவர் ஒரு காலத்தில் போட்டிகளில் ஆடியவர், அவரிடம் கேட்டேன். ராணி முன்னாடி இருக்கிற சிப்பாய ரெண்டு கட்டம் தள்ளுங்கம்மா, அவன் வெட்டலைன்னா இன்னொரு கட்டம் தள்ளி குதிரைய வெரட்டுங்க, காய் மாத்திக்க மட்டும் விடாதீங்க, நெருக்கத்துல இருக்கறவனுக்கு அதுதான் மூச்சு, மூச்சு முட்டித் தானா விழுவான் என்றார். விழுவான் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டத்துக்கு அவர் சொல்வது சரிதான், உன்னை நெருக்க எனக்குத்தான் கை வரவில்லை.

ஆகவே ராணி முன்னாலிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் மட்டும் தள்ளிவிட்டேன், குறித்துக்கொள். அதை நீ வெட்டு, நான் குதிரையால் வெட்டுகிறேன், நீயும் குதிரையால் வெட்டு. காய்கள் குறைந்து உனக்கு இடம் கிடைக்கட்டும், ஆட்டம் சமனாய்ப் போனால் போகட்டும். தப்பு யாருக்குத்தான் வராது? நான் ஒருமுறை ஒரு மாத்திரைக்கு வேறு மாத்திரை கொடுத்துவிட்டு, செருப்புகூட இல்லாமல் அதை வாங்கிப் போன அம்மாள் பின்னால் ஓடினேன். அன்று கடை முழுக்க என்னைத் திட்டியது. மறுநாளும் நான்தான் போய்க் கடையைத் திறந்தேன். வேலை போனாலும் பரவாயில்லை, வீடு இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம். உன்னைப் பயந்தாங்கொள்ளி என்றதற்கு அம்மாவை மன்னித்துவிடு கண்ணா.

ஒரு குறையும் இல்லாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. உன் பதிலை அறைத்தோழனிடம் கொடுத்தனுப்பாதே. எந்தக் காயை வேண்டுமானாலும் நகர்த்து, ஆனால் தெருமுனைத் தபால் பெட்டி வரை நீயே நடந்து போய்ப் போடு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா