கார் முடக்கிலிருந்து ஏழாம் நம்பர் மலை

மார்ச் 4, 1963. திங்கள்

கடும் பனி. பீலிக் குழாய்த் தண்ணீர் கையை வெட்டியது.

என் மனைவி செல்லாயியைக் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் கட்டி. அறுக்க முடியாதாம். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனி மருந்தில ஒண்டுமில்லை. அவ விரும்பிறதைக் குடுங்கோ." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நல்ல மனுஷன்.

லயத்து வீட்டுக்கு வந்தால் செ. தானே பேச்சை எடுத்தாள். இரண்டு ஆசையாம். ஒன்று, செத்தால் பாப்பா பக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டு, ஊர் பார்க்க வேண்டும். எந்த ஊரை என்றேன். இந்த ஊரைத்தானாம்.

"கொழும்புலேருந்து காரு போட்டுக்கிட்டு வந்து பாக்குறாங்க. நாம இங்கயே பொறந்து கெடக்கோம். என்னத்தங்க கண்டோம்?"

அவள் சொன்ன இடங்கள்: நுவரெலியாக் குளம். ஹக்கலைப் பூந்தோட்டம். கார் முடக்கு.

கார் முடக்கு என்பது நாங்கள் வைத்த பேர். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், பெரிய ரோட்டு வளைவு. ஊர் சுற்ற வருகிறவர்கள் அங்கே காரை நிறுத்தி எங்கள் தோட்டத்தைப் பார்ப்பார்கள், படம் பிடிப்பார்கள். அங்கே கார் நின்றால் இங்கே மலையில் கொழுந்து பறிக்கிற செ. தலைத்துணியைச் சரி செய்துகொள்வாள். அவ்வளவு தூரத்துக்கு யானையே எறும்பு. சொன்னால் கேட்டால்தானே.

சீனி, மண்ணெண்ணெய், வெற்றிலை வாங்க வேண்டும்.

மார்ச் 5. செவ்வாய்

பனி இல்லை. அதைவிட மோசம்.

காலைப் பெரட்டில் ஆட்களை நிற்கவைத்து, வெளிவேலை பார்க்கிற கண்டாக்கையா வேலை பிரித்தார். ஏழாம் நம்பர் மலையில் பழைய தேயிலையை வேரோடு பிடுங்கிப் புதுக் கன்று போடப் போகிறார்களாம். அடுத்த திங்கள் ஆரம்பம். உச்சியில் இருக்கிற புதைகாட்டையும் சேர்த்து. இனி புதைக்க ஆற்றோரம் இடம் தருவார்களாம். சங்கத் தலைவர் தோட்டத்துத் துரையிடம் போய்ப் பேசினார். தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார்.

பிடுங்குகிற ஆட்களுக்குக் கங்காணி யார்? நான்தான். வேறு யார்.

எங்கள் மகள் பாப்பா அங்கேதான் இருக்கிறாள். மூன்று வயதில் காய்ச்சல். கல் வைக்க நமக்கு ஏது வழி. துரை பங்களா வேலியில் ஒடித்த ஒரு சிவப்புப் பூச்செடிக் கிளையை நட்டோம். பேர் தெரியாது. இப்போது ஆளுயரத்துக்கு மேல், மலை முழுவதும் பச்சையாக இருக்க அது மட்டும் சிவப்பு.

செ. இந்த வாரம் வேலைக்கு வரவில்லை. தெரிய நியாயமில்லை. நானும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது.

மார்ச் 6. புதன்

லீவு. வட்டகொடையில் ரயில் ஏறி நானுஓயா, அங்கிருந்து பஸ். ஜன்னல் ஓரம் செ. வழி நெடுகத் தேயிலை. "இந்த மலைய நல்லா எடுத்திருக்காளுக", "இது புல்லு மண்டிக் கெடக்கு" என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். ஊர் பார்க்க வந்தவள்.

குளம். காற்று எலும்பைத் துளைத்தது. படகில் ஏறலாம் என்றேன், தலை சுற்றும் என்றாள். குதிரைமேல் ஒரு தடித்த ஐயா. குதிரை பாவம். கம்பிளியைப் போர்த்திக் கரையில் உட்காரவைத்தேன். கொண்டுபோன ரொட்டியில் கால்வாசி தின்றாள்.

பக்கத்தில் நின்ற ஒரு கொழும்பு அம்மா புருஷனிடம்: "எவ்வளவு அமைதியா இருக்கு. இங்கேயே இருந்திடலாம் போல."

செ. சிரித்தாள். பிறகு, தண்ணீர்க் கரையில் மண் ஈரமாக இருக்குமே, குளிருமே என்றாள். எதற்கு இந்தப் பேச்சு என்று சத்தம் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. இரவு வலியில் தலையணைத் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

மார்ச் 10. ஞாயிறு

வெயில். ஹக்கலை.

பூ என்றால் பூ. எனக்கே வாய் அடைத்துவிட்டது. நாளைக்கு மண்வெட்டி பிடிக்க வேண்டிய கை, இன்றைக்குப் பூ பார்க்கிறது.

மரத்துக்கெல்லாம் பேர்ப்பலகை. "செடிக்கெல்லாம் பேரெழுதி வச்சிருக்காங்களே" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒரு வளைவில் நின்றுவிட்டாள். பாப்பாவின் செடி. அதே சிவப்பு. பலகையும் இருந்தது, இங்கிலீஷில். எனக்குத் தமிழ் எழுத்துதான் தெரியும். தோட்டக்காரரிடம் சிங்களத்தில் கேட்டேன். "மல் கஹக்" என்றார். அதாவது பூச்செடி. அது எங்களுக்கும் தெரியும்.

செ. அந்தச் செடியடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மார்ச் 13. புதன்

மூன்று நாளாய்ப் பிடுங்குகிறோம். அடிவாரத்திலிருந்து மேலே. என் தாத்தா காலத்துத் தேயிலை, வேர் லேசில் வராது. முதுகு போயிற்று.

கார் முடக்குக்கு எப்போது என்கிறாள் செ. பஸ் இல்லை என்றேன். மூடுபனி என்றேன். பொய்க்கும் ஒரு கணக்கு உண்டு. அங்கே நின்றால் ஏழாம் மலை நேர் எதிரே தெரியும்.

இன்று கஞ்சி மட்டும். பக்கத்து வீட்டுக் காத்தாயியக்கா வந்து கால் பிடித்துவிட்டார்.

மார்ச் 17. ஞாயிறு

இனித் தள்ள முடியவில்லை. உடம்பில் ஒன்றுமில்லை, தூக்கித்தான் பஸ்ஸில் வைத்தேன். வானம் துடைத்துவிட்டதுபோல். மூடுபனியாவது வந்திருக்கலாம்.

முடக்கில் ஒரு கார். இரண்டு பேர் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஓரமாக மைல்கல்லில். அங்கிருந்து பார்த்தால், ஆமாம், அழகுதான். லயங்கள் தீப்பெட்டி. ஆறு வெள்ளி. நடுவில் ஏழாம் மலை, பாதி உரித்த தோலாகச் சிவந்த மண். உச்சியில் அந்தச் செடி மட்டும்.

செ. வெகு நேரம் பார்த்தாள். நான் காரைப் பார்த்தேன்.

"பாதி மல முடிஞ்சிருச்சு. செடிகிட்ட எப்பங்க வருவீங்க?"

யார் சொன்னது என்றேன்.

"நீங்க வேல விட்டு வரயில கால்ல மண்ணு இருந்துச்சு. ஏழாம் மல மண்ணு எனக்குத் தெரியாதா?"

புதன்கிழமை வருவோம் என்றேன்.

"அப்ப நீங்களே புடுங்குங்க. வேற ஆளு கை வைக்க வேணாம்."

அவளை எங்கே வைப்பது என்று கேட்க முடியவில்லை. புது இடத்தைப் பற்றிக் காத்தாயியக்கா முன்பே சொல்லிவிட்டாராம். அவளே சொன்னாள், ஆற்றோரம் என்றால் ஆற்றோரம், அதுவும் ஒரு நாள் தேயிலைதான் என்று. பிறகு தலைத்துணியைச் சரி செய்துகொண்டாள். எதிரே மலையில் யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமை.

ரோடு என்று பார்க்காமல் அழுதேன். படம் பிடித்தவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

மார்ச் 20. புதன்

தூறல். உச்சிக்கு வந்தோம். நான் சொல்லாமலே ஆட்கள் மண்வெட்டியை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்கள். வெற்றிலை போட்டார்கள்.

நானே வெட்டினேன். வேர் ஆழம். அடிவரை போனேன். தேடினேன், கையால். ஒன்றுமில்லை. மண்தான். ஒரு எலும்புத் துண்டு, ஒரு பாசிமணிகூட இல்லை. ஒரு பிள்ளை இருந்த இடம் இப்படியா இருக்கும்.

ஒரு பிடி மண்ணைத் துண்டில் முடிந்தேன். ஒரு கிளை ஒடித்தேன்.

செ. விழித்திருந்தாள். "இருந்துச்சா?" என்றாள். இருந்தது என்றேன். முடிச்சைக் கையில் கொடுத்தேன். கனம் பார்த்தாள். அவிழ்க்கவில்லை. வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

கிளையை மண்ணெண்ணெய்த் தகரத்தில் நட்டு வாசலில் வைத்தேன்.

மார்ச் 27. புதன்

மழை. விடியற்காலை செ. போய்விட்டாள். சத்தமில்லை. காத்தாயியக்காதான் பார்த்தார்.

மத்தியானம் தப்பு மேளம் அடித்து எடுத்தோம். ஆற்றோரப் புது இடத்தில் முதல் ஆள் அவள்தான். முடிச்சை மடியில் வைத்தேன். தலைத்துணி கட்டிவிடச் சொன்னேன். எதற்கு என்றார்கள். கட்டுங்கள் என்றேன்.

மண் தள்ளும்போது மழை விட்டு மூடுபனி விலகியது. நிமிர்ந்தேன். கார் முடக்கில் ஒரு கார் நின்றிருந்தது. இரண்டு பேர் இறங்கி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.