பற்றுப் போட்ட கன்னம்

1997 மே 4
இந்த வயதில்தான் எழுதப் பழகுகிறேன். இன்று ‘ஞ’ கோணாமல் வந்தது. மருமகள் கஜானி எட்டிப் பார்த்து, “மாமா, என்ர எழுத்தைவிட வடிவு” என்றாள். கிழவனுக்கு வேறு என்ன வேண்டும்? மஞ்சள், மஞ்சள் என்று பக்கம் முழுக்க எழுதினேன்.

மே 11
மழை. பக்கத்து வீட்டில் மறுபடியும் அடி விழும் சத்தம். சோமாலியாவிலிருந்து வந்த ஹோடனும் அவள் புருஷனும் அங்கே இருக்கிறார்கள். மகன் பாஸ்கரன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான். “உவள் கதவு உயரம் நிக்கிறாள். உவளுக்கு ஆர் அடிக்கிறது?”

மே 12
காலையில் ஹோடன் எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். இடது கன்னம் புடைத்து மினுங்கியது. கஜானி தொட்டுப் பார்த்து, “சுடுது மாமா” என்றாள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடச் சொன்னேன். வீக்கத்துக்கு நாங்கள் எப்போதும் செய்வதுதானே. பற்று சீக்கிரமே சிவப்பாகக் காய்ந்தது. பிறகு கஜானி போலீசுக்குப் போன் செய்தாள்.

வந்த வெள்ளைக்காரப் போலீசார் ஹோடன் சொல்வதை அவள் புருஷனையே இங்கிலிஷில் சொல்லச் சொன்னார்கள். அவன் மெதுவாக, மரியாதையாகச் சொன்னான். அவள் கத்தினாள். கத்தியதும் அவளைத்தான் அடங்கச் சொன்னார்கள். ஒருவன் கன்னத்தைப் பார்த்து, இது இவர்களின் சடங்குப் பூச்சா என்று கேட்டானாம். கழுவச் சொன்னான். கழுவினாள்.
“அடையாளம் ஒண்டும் இல்லையாம் மாமா.”
போய்விட்டார்கள்.
பற்றுப் போடச் சொன்னது நான்.

மே 13
எழுத வரவில்லை.

மே 19
ஹோடனின் புருஷனை வீட்டுக்கு வெளியே நிறுத்த நீதிமன்றத்தில் கேட்கலாமாம். கண்டவர்கள் சாட்சி சொல்ல வேண்டுமாம். நான் சொல்கிறேன் என்றேன்.
பாஸ்கரன் கோபித்தான். “அப்பா, உங்கட விசா இன்னும் வரேல்ல. கறுப்பரின்ர சண்டைக்குள்ள ஏன் தலையைக் குடுக்கிறியள்?”
“நீங்கள் கண்ணாடி பாத்துத்தானே ஷேவ் எடுக்கிறனீங்கள்?” என்றாள் கஜானி.
அவன் சாப்பிடாமல் வேலைக்குப் போனான். எனக்குப் பசிக்கவும் இல்லை, பசிக்காமலும் இல்லை.

மே 26
வக்கீலைப் பார்க்க ஹோடன், கஜானி, நான் மூவரும் பஸ்ஸில் நகரத்துக்குப் போனோம். ஹோடன் சன்னல் பக்கம். அவள் பக்கத்து இருக்கையில் வழி நெடுக யாரும் உட்காரவில்லை. நான் எழுந்து போய் உட்கார்ந்தேன்.

அடையாளமே இல்லாமல் அடி என்று எப்படித் தெரியும் என்று வக்கீல் அம்மா கேட்டார்.
“பிள்ளை, எங்கட தோலில அடி சிவக்காது. புடைக்கும், மினுங்கும், சுடும். அந்த இடத்தில பற்று கெதியாக் காயும். போலீஸ்காரர் வெள்ளைத் தோலில தேடுற மாதிரித் தேடினவை. தொட்டுப் பாக்கேல்ல.”
கஜானி மொழிபெயர்த்தாள். வக்கீல் பேனாவை வைத்துவிட்டு ஹோடனைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் எழுதினார். அடியில் நானே ‘குணரத்தினம்’ என்று எழுதினேன். ‘ண’ கொஞ்சம் சரிந்துவிட்டது.

ஜூன் 9
ஹோடனின் புருஷன் அந்த வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. காலையில் பூட்டு மாற்ற ஆள் வந்தான். சந்தோஷமா என்றால், தெரியவில்லை.
ஹோடன் புதுப் பூட்டின் சாவி ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தாள். பாஸ்கரன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எடுத்து, எங்கள் சாவிகள் தொங்கும் ஆணியில் மாட்டினான்.