ஏழு டிகிரி குறைவு

பிப்ரவரி 24, திங்கள்

எங்கள் பள்ளியின் வரலாற்றில் இன்று ஒரு மாபெரும் முடிவு எடுக்கப்பட்டது. ஆய்வக வெப்பமானியைப் பீரோவில் வைத்துப் பூட்டுவது. தலைமையாசிரியர் சண்முகராஜே பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அது செய்த குற்றம், பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் உண்மையைச் சொன்னது. கவுஞ்சி கிராமத்திலிருந்து வரும் ரோகிணி உப்புநீரைக் காய்ச்சி வடித்தாள். வடிந்த நீரைக் கொதிக்கவைத்தாள். பாதரசம் 93 வரை ஏறி அப்படியே நின்றது. கலவை என்றால் ஏறிக்கொண்டே போகும். நின்றதால் இது தூய நீர். அப்படித்தான் எழுதினாள்.

வத்தலக்குண்டிலிருந்து வந்த தேர்வாளர் சேனாதிபதி, "சுத்தத் தண்ணி நூறுல கொதிக்கும்மா. அடிச்சுட்டு மாத்தி எழுது" என்றார்.

"நான் பாத்தது தொண்ணூத்தி மூணு சார்."

பூஜ்யம் போட்டார். இது மலை, காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் நூறுக்கு முன்னாலேயே கொதித்துவிடும் என்று நான் ஆரம்பித்தேன். "புக்குல நூறுதான இருக்கு, டீச்சர்?" என்றார். பிறகு சாப்பிட உட்கார்ந்து, "சுண்டல் அரவேக்காடா கெடக்கு. ஒங்க ஊர்ல எதுவுமே வேகாதா?" என்று கேட்டார்.

பிப்ரவரி 25

இந்த மதிப்பெண்ணோடு அவளுக்கு எங்கும் அறிவியல் பிரிவு கிடைக்காது. குக்கர் இல்லாம இந்த மலையில எவ வீட்ல பருப்பு வெந்துச்சு? அந்தாளு என்னத்தப் படிச்சான்?

மார்ச் 1, சனி

சாவியைக் கெஞ்சி வாங்கி, வெப்பமானியோடு மலையடிவாரத்து வத்தலக்குண்டுக்கு இறங்கினேன். பேருந்து நிலையத்து டீக்கடையில் கொதிக்கும் தண்ணீருக்குள் விட்டேன்.

"தண்ணிக்குக் காய்ச்சலாக்கா?" என்றார் மாஸ்டர்.

99. படம் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 3, திங்கள்

தலைமையாசிரியர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "அப்ப இது கீழ வேல பாக்குற தெர்மாமீட்டர், டீச்சர். மலைக்குன்னு தனியா ஒண்ணு வாங்கணும்."

வாயில் வந்ததை இங்கே எழுதக் கூடாது.

மார்ச் 5, புதன்

மேலதிகாரிகளுக்கு எழுதிப்போட்டதற்குப் பலன் உண்டு. வெள்ளிக்கிழமை மறுதேர்வு. தேர்வாளர்: சேனாதிபதி.

பூண்டு மூட்டையை லாரியில் ஏற்றிவிட்டு ரோகிணியின் அப்பா ஆண்டிச்சாமி வந்தார். "ஏழு டிகிரிதான டீச்சர்? சேத்து எழுதிட்டுப் போகட்டும். இதுக்கா இம்புட்டுச் சண்ட?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல — சரி என்றா, வேண்டாம் என்றா?

வெப்பமானியைத் துடைத்து உறைக்குள் வைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

பாதரசம் 93இல் நின்றது. ரோகிணி அதைக் குனிந்து பார்த்துவிட்டு 100 என்று எழுதினாள். முழு மதிப்பெண்.

ஜூன் 16, திங்கள்

ரோகிணி பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர்ந்தாள்.