நான் வைத்த மழைக்கோட்டு

அன்பு மகள் குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இந்த வயதில் பேனா என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. கோழி கிளறின மாதிரி இருக்கு என்று உன் அம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். மாலை வகுப்பில் படித்து, நானே எழுதும் முதல் கடிதம் இது. அந்தச் சந்தோஷத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நேற்றிலிருந்து பயமாக இருக்கிறது.

நேற்று ஜூடோ கூடத்தில் மெத்தைகளைத் துடைத்தேன். சுவரில் ஒட்டியிருக்கும் தாளை நான்கு வருடமாகத் தூசி தட்டி வருகிறேன் அல்லவா, நேற்றுதான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு ஆட்டம் நான்கே நிமிடம், ஆனால் பிடித்து இழுத்துத் தூக்கி எறிய, உடம்பு சேர்த்துவைத்த சத்தையெல்லாம் கேட்கும் என்று போட்டிருக்கிறது. சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்தி, வியர்த்து எடையைக் குறைத்தால் முதலில் பலம் போகும், பிறகு மயக்கம் வரும், இதயமே நின்றும் போகலாமாம். கடைசி வரியை மூன்று தடவை படித்தேன். தப்பாகப் படித்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே படித்தேன்.

போன போட்டிக்கு முன்னால் எடை குறைக்க நீ மழைக்கோட்டு மாட்டி, குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் குதித்தபோது, வெளியே நின்று இன்னும் நூறு, இன்னும் நூறு என்று கத்தியவன் நான். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாய். உதடு வெளுத்திருந்தது. அதைக்கூடக் கடைத்தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தடவை போட்டி முகாமுக்குக் கிளம்பும்போது அந்த மழைக்கோட்டைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டுப் போனாய். மறந்துவிட்டாய் என்று நினைத்து, உன் பையின் அடியில் திணித்தது நான்தான். நேற்று அம்மாவிடம் சொன்னேன். "அவ வேணாம்னுதான் போட்டிருப்பா, உங்கள யாரு வைக்கச் சொன்னா?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

முகாமுக்குப் போன் போட்டோம். "எடை பார்க்குற வரைக்கும் யாருக்கும் போன் கிடையாது பெரியவரே" என்று வைத்துவிட்டார்கள். அதனால் நாளை அங்கே மெத்தை ஏற்றி வரும் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஐம்பத்தேழு கிலோவுக்கு வர இன்னும் மூன்று கிலோ இருக்கிறது என்றாய். வேண்டாம் கண்ணு. அடுத்த மேல் எடைப் பிரிவில் ஆடு. அங்கே முதல் ஆட்டத்திலேயே உன்னைத் தூக்கிப் போட்டால் போடட்டும், எழுந்து வந்துவிடலாம். இதைப் படித்ததும் தண்ணீர் குடி, சாப்பிடு. யாராவது கேட்டால் அப்பா சொன்னார் என்று சொல்.

அடுத்த வாரமும் எழுதுவேன். பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, படிக்க நீ இருக்க வேண்டும்.

உன் அப்பா