முப்பது மில்லிமீட்டர் கட்டம்

மார்ச் 4

கிடங்கில் நாங்கள் சோதித்துவரும் தானியங்கி வண்டி இன்று அலமாரியில் முட்டிவிட்டது. மேல்தட்டுக் கண்ணாடிப் புட்டிகள் எல்லாம் தூள். வண்டியில் கண்காணிக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர் அண்ணன் கீழே இறங்கி வந்தார். "நான் எதையும் தொடலைங்க. அதுவாத்தான் போச்சு."

மேலாளர் பதிவைக் காட்டினார். "இன்னும் எட்டு சென்டிமீட்டர் இருக்குன்னு கேமரா சொல்லுது. அப்போ தூரம் சரியாத் தெரியாம நீங்கதான் வண்டியைத் தள்ளியிருக்கீங்க."

கேமரா தூரம் அளக்கும் கணக்கு என்னுடையது. உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 5

அண்ணனைக் கண் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். முடிவு வரும்வரை வேலை இல்லை.

மார்ச் 7

இருப்புக்கொள்ளவில்லை. கணக்கை நான்காம் முறை ஓட்டினேன். எல்லாம் அச்சாகப் பொருந்துகிறது. இரண்டு கேமரா, ஒரு பொருள், ஒரு முக்கோணம் — நம் இரண்டு கண்ணும் செய்வது அதைத்தானே. எங்கே தப்பும்?

ஆனால் படங்களை வைத்து முக்கோணத்தின் வடிவம்தான் தெரியும், அளவு தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டையைக் கேமராக்களுக்குக் காட்டி, ஒரு கட்டம் முப்பது மில்லிமீட்டர் என்று நான்தான் கொடுத்தேன். அளந்தேனா?

மார்ச் 8

அளந்தேன். இருபத்தெட்டரை.

அட்டையை அச்சடிக்கும்போது 'தாளுக்குள் அடக்கு' என்ற தெரிவை எடுக்காமல் விட்டிருக்கிறேன். இயந்திரம் சுருக்கிவிட்டது. கேமராவிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருப்பதாக வண்டி நம்பிய அலமாரி நிஜத்தில் ஒன்று தொண்ணூறில். பத்து சென்டிமீட்டர் குறைவு! நாங்கள் விட்டிருந்த இடைவெளியே எட்டுதான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஐயோ, அந்த மனுஷன் கண்ணையா சந்தேகப்பட்டோம்!

மார்ச் 9

வீட்டுக்காரர் சொல்கிறார்: "புது அட்டை அடிச்சு வச்சிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். அதனால்தான் அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது.

மார்ச் 10

மேலாளருக்குக் கடிதம் எழுதி எழுதி அழித்தேன். மூன்று தடவை. சே, என்ன பிழைப்பு இது?

மதியம் அண்ணனின் பரிசோதனை முடிவு வந்தது. பார்வையில் ஒரு குறையும் இல்லை. "அப்போ கவனக்குறைவுதான். வேற ஆளைப் பாத்துக்கலாம்" என்றார் மேலாளர். எழுந்துபோய் அட்டையையும் அளவுகோலையும் அவர் மேசையில் வைத்தேன். தப்பு என் அளவில்தான் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 17

என் இடம் மேல்மாடிக்கு மாறிவிட்டது. இனிக் கையேடு எழுதும் வேலை. கேமராப் பக்கமே போகவேண்டாமாம். அழுகையை அடக்கிக்கொண்டு, சாமான் பெட்டியைத் தூக்கிப் படியேறினேன். கால் வைக்கும் இடம் தெரியவில்லை. எதிரே ஓட்டுநர் அண்ணன் சீருடையில் இறங்கி வந்தார். பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு திரும்ப ஏறினார்.

"பாத்து வாங்க. இன்னும் ஒரு படி இருக்கு."